டி டிரைவில் முப்பத்து நான்கு ஃபைல்கள்

அக்டோபர் 5, ஞாயிறு

இந்த டைரி போன டிசம்பரில் ஒரு பிரஸ்காரர் கொடுத்தது. சிவகாசியில் இருந்துகொண்டு டைரிக்குப் பஞ்சமா. ஒன்பது மாதமாக டிவி ஸ்டாண்டின் ஆடுகிற காலுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்ததை இன்று உருவி எடுத்தேன். மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் நான், கடைசியில் போர்மேன். எந்த லைனில் கை வைத்தாலும் முதலில் நோட்டில் எழுதிவிட்டுத்தான் கை வைப்பேன். இப்போது கை வைக்கப் போவது வீட்டுக் கம்ப்யூட்டரில்.

இன்று காலை அதன் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்து, திருநீறு பூசி, காபியும் குடித்துவிட்டு வந்தால் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிறகு ஓர் அறிவிப்பு: இந்த விண்டோஸுக்கு அக்டோபர் பதினான்கோடு கவனிப்பு நின்றுவிடுமாம். என் ரிட்டயர்மெண்ட்டைக்கூட எனக்கு இவ்வளவு மரியாதையாக யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

2014-ல் வாங்கிய கம்ப்யூட்டர் இது. ஒருத்தி இன்ஜினியரிங் சேர்ந்தபோது வாங்கியது. அந்தப் பேச்சு இந்த நோட்டில் வராது.

கனி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "பழைய கம்ப்யூட்டருக்குன்னே லினக்ஸ்னு ஒண்ணு இருக்காமே. போட்டா புதுசு மாதிரி ஓடுமாம்."

என் பெண்டாட்டி ஜெயக்கனி வாயிலிருந்து லினக்ஸ் என்ற வார்த்தை வந்ததும் நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். யார் சொன்னது என்று கேட்டேன். பால் வாங்குகிற இடத்தில் பேசிக்கொண்டார்களாம். எங்கள் தெரு பால்காரரிடம் நானும் இருபது வருஷமாகப் போகிறேன். தண்ணீர் கலப்பதைத் தவிர அங்கே வேறு எதுவும் பேசி நான் கேட்டதில்லை.

அக்டோபர் 8, புதன்

லினக்ஸ் பற்றி விசாரித்தேன். விண்டோஸ் மாதிரியே அதுவும் கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஒரு ஏற்பாடு. உலகம் பூராவும் ஆட்கள் சேர்ந்து எழுதியது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்தும் பார்க்கலாம். திறந்து பார்க்கலாம் என்றதும் எனக்குப் பிடித்துப்போயிற்று.

பஜார் சர்வீஸ் கடையில் கேட்டதற்கு, "அதெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது சார், புதுசு ஒண்ணு வாங்கிருங்க" என்றார். எனக்குச் சரிப்படாது என்று ஒருவர் சொன்ன பிறகு அதை விடுவதாவது. வீட்டுக்கு வந்து கனியிடம் போட்டே தீருவேன் என்றேன். அவள் சிரித்தாள். இப்படிச் சொல்வீர்கள் என்று தெரியும் என்றாள்.

மதியம் கேஸ் ஏஜென்சியிலிருந்து அவளுக்குப் போன். போன வாரமும் வந்தது. ரெண்டு பேர் சமைக்கிற வீட்டுக்கு அவர்கள் இத்தனை தடவை கூப்பிடுவானேன். இவளும் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுகிறாள், அங்கேதான் சிக்னல் கிடைக்கிறதாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஒரு பென் டிரைவ் கூரியரில் வந்தது. கனி முன்பு வேலை பார்த்த பிரஸ்ஸில் இருந்த ஒரு பெண் அனுப்பியதாம். கனி பத்து வருஷம் கல்யாணக் கார்டு அடிக்கிற பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். 2010-ல் நான் போர்மேன் ஆனதும், இனி எதற்கு என்று நிறுத்திவிட்டேன். அதோடு அவள் எல்லாவற்றையும் மறந்திருப்பாள்.

கவரில் அனுப்பியவர் பெயர் இருக்கும் மூலை கிழிந்திருந்தது. கூரியர்காரர்கள் இப்படித்தான்.

கூடவே கனி ஒரு முழுத்தாளையும் நீட்டினாள். செய்யவேண்டியது என்னென்ன என்று பதினோரு குறிப்புகள். அந்தப் பெண் போனில் சொல்லச் சொல்லக் கனி எழுதிக்கொண்டாளாம், கையெழுத்து அவளுடையதுதான். ஆனால் வாசகம் அவளுடையது இல்லை. நான்காவது குறிப்பு: "எஃப் பன்னிரண்டைத் தட்டிக்கொண்டே இருக்கவும். ஒரு தடவை அழுத்திவிட்டு வேலை செய்யவில்லை என்று எழுந்து போகக்கூடாது." ஒன்பதாவது: "இந்த இடத்தில் பத்து நிமிஷம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். உங்களுக்குக் கோபம் வரும். மெயின் சுவிட்சை அணைக்கப் போவீர்கள். அணைக்காதீர்கள்."

நான் மெயினை அணைப்பேன் என்று பிரஸ்காரிக்கு எப்படித் தெரியும்? நான் அந்த பிரஸ்ஸுக்குள் காலே வைத்ததில்லை.

அக்டோபர் 16, வியாழன்

பென் டிரைவைச் சொருகி, எஃப் பன்னிரண்டைத் தட்டிக்கொண்டே இருந்தேன். பச்சையாக ஓர் இலைச் சின்னம் வந்தது. அப்புறம் ஒரு புது முகப்பு. உள்ளே எதையும் மாற்றாமல் சும்மா ஓட்டிப் பார்க்கலாமாம், பிடித்தால் வைத்துக்கொள்ளலாமாம். பெண் பார்க்கப் போகிற மாதிரி இருந்தது. காலையில் உட்கார்ந்தவன் ஒரு மணிக்குத்தான் எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்து போய்விட்டது. இனி அடுத்த வியாழக்கிழமைதான் வரும். கனி திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. "நல்லா ஓடுதா?" என்று மட்டும் கேட்டாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஊரெல்லாம் வெடி, எங்கள் வாசலில் ஒரு சரம். கனி முறுக்கும் அதிரசமும் பத்துப் பேருக்குச் சுட்டிருக்கிறாள். பாதியைக் காணோம். யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டேன், கோயிலுக்கு என்றாள்.

அக்டோபர் 23, வியாழன்

இன்றுதான் உண்மையான வேலை.

எங்கள் இலாகாவில் லைன் கிளியர் என்று ஒன்று உண்டு, சுருக்கமாக எல்.சி. கம்பத்தில் ஏறுவதற்கு முன் சப்ளையை நிறுத்தி, நிறுத்தியதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து ஆட்கள் எல்லோரும் இறங்கிய பிறகு, லைனில் ஆள் இல்லை என்று எழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சப்ளை. 1999-ல் ஒருத்தர் எல்.சி. இல்லாமல் ஏறினார். அவருடைய வலது கையை நான்தான் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அன்றிலிருந்து என் வேலையில் எல்.சி. இல்லாமல் ஒரு ஃப்யூஸ்கூடப் பிடுங்கியதில்லை.

ஆகவே கனியைக் கூப்பிட்டு முறைப்படி கேட்டேன். சி டிரைவில் இருப்பது எல்லாம் அழியப் போகிறது, டி டிரைவைத் தொடப்போவதில்லை, உன்னுடையது ஏதாவது உள்ளே இருக்கிறதா?

கரண்டியோடு நின்றவள் கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு அதுல என்ன இருக்கு" என்றாள். திரும்பிப் போனவள் மறுபடி வந்து, "டி-யில உள்ளது அப்படியே இருக்கும்ல?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். டி என்று ஒன்று இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்புறம்தான் தோன்றியது. அதற்குள் அழுத்திவிட்டேன்.

எல்.சி. கொடுத்தவர்: ஜெயக்கனி. காலை 10.20.

பெயர் கேட்டது, காசிராஜன் என்று கொடுத்தேன். கம்ப்யூட்டருக்கும் ஒரு பெயர் கேட்டது, டிரான்ஸ்ஃபார்மர் என்று வைத்தேன். ஒன்பதாவது குறிப்பில் சொன்ன இடம் வந்தது. கோடு நகரவே இல்லை. நாலு நிமிஷம் பொறுத்தேன், ஆறு நிமிஷம் பொறுத்தேன். எழுந்து மெயின் போர்டுப் பக்கம் போய்விட்டேன், பொய் சொல்வானேன். அப்போது தாளில் இருந்த அந்த வரி கண்ணில் பட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். பதினோராவது நிமிஷம் கோடு நகர்ந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

சுவிட்சைப் போட்டால் நாற்பது விநாடி. மூன்று தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பழைய பிரிண்டரும் ஒன்றும் சொல்லாமல் வேலை செய்கிறது. சோதனைக்கு ஒரு பக்கம் அடிக்கலாம் என்று பேப்பர் கட்டைப் பிரித்தால் பாதிக்கு மேல் காலி. நான் வருஷத்துக்கு இருபது தாள் அடித்தால் அதிகம். எலி தின்றிருந்தால் ஓரம் கிழிந்திருக்க வேண்டும்.

சர்வீஸ் கடை வழியாக வேண்டுமென்றே நடந்து போய்விட்டு வந்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

முடி வெட்டப் போயிருந்தேன். கடையில் கூட்டம், திரும்பி வந்துவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே ஒரு சத்தம். கீபோர்டில் மழை பெய்கிற மாதிரி நிறுத்தாமல் அடிக்கிற சத்தம். பிறகு நின்றது. மறுபடி கொஞ்சம், மறுபடி நின்றது.

உள்ளே போனால் கம்ப்யூட்டர் முன்னால் கனி. என்னைப் பார்த்ததும் பட்டென்று மூடிவிட்டு, தூசி துடைத்தேன் என்றாள். கண் சிவந்திருந்தது, கேட்டால் வெங்காயமாம். அடுப்பில் பார்த்தேன். வெண்பொங்கல்.

நவம்பர் 4, செவ்வாய்

ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்திருக்கிறது. சாப்பிடும்போது, பழையதையே திரும்பப் போட முடியுமா என்று கேட்டாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. போடச் சொன்னதே நீதானே, உனக்கென்ன அதில் என்று கத்தினேன். எனக்கு ஒன்றும் இல்லை என்றாள்.

கேஸ் ஏஜென்சி இன்று மூன்று தடவை கூப்பிட்டது. அவள் எடுக்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

பழுது ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன்.

டி டிரைவில் ஏதாவது குறைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தேன். ஒன்றுக்கு "மேரேஜ் மாடல்" என்று ஆங்கிலத்தில் பெயர். நான் வைத்ததில்லை. உள்ளே முப்பத்து நான்கு ஃபைல்கள். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை, எந்த மொழியிலும் சேராதது. வைரஸ் என்று முடிவு செய்தேன்.

ஆனால் முப்பத்தொரு வருஷம் பழுது தேடினவனுக்குச் சும்மா இருக்க முடியுமா. எல்லாவற்றையும் திறந்து வரிசையாகப் பார்த்தேன். பழுது என்றால் தாறுமாறாக இருக்கவேண்டும், இது அப்படி இல்லை. எல்லா ஃபைலும் ஒரே மாதிரி தொடங்குகிறது: md;Gs;s. எல்லாமே ஒரே மாதிரி முடிகிறது: mg;gh. தேதிகளையும் பார்த்தேன். 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒன்று, தவறாமல். கரண்ட் பில்லுக்கு ரீடிங் எடுக்கிறவர்கூட இவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை. கடைசி ஒன்று மட்டும், அக்டோபரில் உள்ளது, அறுந்த கம்பி மாதிரி பாதியில் நிற்கிறது. அதன் முடிவில் mg;gh இல்லை.

எந்த வைரஸ் மாதாமாதம் வரும்?

நவம்பர் 8, சனி

கனியிடம் சொன்னேன். டி-யில் முப்பத்து நான்கு குப்பை கிடக்கிறது, அழித்துவிடப் போகிறேன் என்று. தோசைக்கல்லில் தோசை கருகிக்கொண்டிருக்க, அதை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அழிச்சிராதீங்க. பிரஸ்ஸுல உள்ள மாடலு. அது பாட்டுக்கு ஒரு ஓரமா கெடக்கட்டும்."

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் விட்ட பிரஸ்ஸின் மாடல் போன மாதத் தேதியில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். தோசையைச் சுரண்டப் போய்விட்டாள். நான் அழிக்கவில்லை. பயந்து ஒன்றும் இல்லை, என்னவென்று தெரியாமல் ஒரு பொருளை எறிவது என் வழக்கம் இல்லை.

நவம்பர் 10, திங்கள்

அந்த md;Gs;s-ஐ அப்படியே இன்டர்நெட்டில் தட்டினேன். குப்பை இல்லை, தமிழ். பாமினி என்று ஒரு பழைய எழுத்துரு, பிரஸ்காரர்கள் காலங்காலமாக அதில்தான் அடித்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் எழுத்தின் முகமூடியைப் போட்டு வைத்திருக்கிற ஏற்பாடு. முகமூடி கம்ப்யூட்டரில் இருந்தால் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் அடியில் இருக்கிற ஆங்கிலம் தெரியும். அது சி டிரைவில் இருந்திருக்கிறது. நான்தான் 23-ஆம் தேதி காலை 10.20-க்கு மேல் அழித்தேன்.

பாமினியை இறக்கி உள்ளே போட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் ஃபைலைத் திறந்தேன். md;Gs;s என்று இருந்த இடத்தில் "அன்புள்ள" என்று இருந்தது.

"அன்புள்ள வாணிக்கு, அப்பா எழுதுவது. நான் சொல்லச் சொல்ல உன் அம்மா டைப் அடிக்கிறாள். என் கையெழுத்து உனக்குப் புரியாது என்பாயே, அதனால்தான். போனில் பேச எனக்கு இன்னும் மனசு வரவில்லை. எழுதுகிறேன்."

நான் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

சரி, அந்தப் பேச்சு இந்த நோட்டில் வந்துவிட்டது. கோகிலவாணி என் மகள், ஒரே மகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கூட வேலை பார்க்கிற வேறு சாதிப் பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு ஓசூரில் இருக்கிறாள். இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது என்று சொன்னேன். அவள் மிதிக்கவில்லை. ஒரு சொல் தாங்காத பிள்ளை.

கனி கோயிலுக்குப் போயிருந்தாள். முப்பத்து நான்கையும் உட்கார்ந்து படித்தேன். அவளிடம் என்ன கேட்பது, எப்படிக் கத்துவது என்று மனசுக்குள் தயார் செய்துகொண்டேதான் படித்தேன். ஃபோர்ஜரி என்ற வார்த்தையைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

மூன்றாவது கடிதம்: "உன் சைக்கிளுக்கு நேற்று எண்ணெய் போட்டேன். துரு ஏறக்கூடாது பார்." போட்டது உண்மை. மாடிப்படிக்குக் கீழே, கனி ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்துப் போட்டேன். ஏழாவது: "ஓசூரில் கனமழை என்று பேப்பரில் போட்டிருந்தது. வண்டியில் போகாதே." அந்தப் பக்கத்தை நான் தினமும் பார்க்கிறேன், யார் பார்க்கவில்லை. அதை மடித்துவைத்துவிட்டுத்தான் அவளிடம் பேப்பரைக் கொடுப்பேன். பன்னிரண்டாவது: "உன் பிறந்தநாளுக்குப் பத்ரகாளியம்மன் கோயில் வரைக்கும் போனேன். உள்ளே போகவில்லை. வெளியே நின்றுவிட்டு வந்தேன்." அன்று நான் டார்ச் பேட்டரி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

இட்டுக்கட்டியதும் இருக்கிறது, இல்லாமல் இல்லை. வாணிக்குச் சம்பளம் உயர்ந்தபோது நான் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டதாக எழுதியிருக்கிறாள். சம்பளம் உயர்ந்ததே எனக்கு இன்றுதான் தெரியும். முட்டி வலியைப் பற்றி நான் புலம்புவதாக ஒரு முழுப் பக்கம். நான் அவ்வளவு புலம்புகிற ஆளா?

செப்டம்பர் கடிதம்: "நம் வீட்டுக் கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டால் நான் குளித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. புதுசு வாங்க எனக்கு மனசில்லை. நீ படித்த கம்ப்யூட்டர்."

பாலும் இல்லை, பிரஸ்காரியும் இல்லை. ஒன்பதாவது குறிப்பை எடுத்து மறுபடி படித்தேன். உங்களுக்குக் கோபம் வரும், மெயின் சுவிட்சை அணைக்கப் போவீர்கள், அணைக்காதீர்கள். வேறு யார் இப்படிச் சொல்வார்கள். வாணி பத்தாவது படிக்கும்போது டிவி விடாமல் பார்க்கிறாள் என்று மெயினையே அணைத்தவன் நான்.

கடைசியாக அக்டோபர் ஃபைல், பாதியில் நிற்பது. முழுவதும் இவ்வளவுதான்: "அன்புள்ள வாணிக்கு, அப்பா எழுதுவது. லினக்ஸ் பற்றி அம்மாவிடம் போனில் சொன்னாயாம், போடப் போகிறேன். பொங்கலுக்கு நீயும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வரலாமா என்று கேட்டிருந்தாய். அதற்கு"

அதற்கு மேல் இல்லை. முப்பத்து மூன்று மாதம் என் வாயாகப் பேசியவளுக்கு இந்த இடத்தில் கை நின்றுவிட்டது. இதை மட்டும் அவளால் இட்டுக்கட்ட முடியவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

கனியிடம் எதுவும் கேட்கவில்லை. கத்தவும் இல்லை. எடுத்து வைத்திருந்த வார்த்தை எதுவும் உதவவில்லை.

காலையில் பேட்டரி வாங்கப் போகிறேன் என்று சொல்லி இரண்டு மணி நேரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். எழுத்து திரும்பி வந்துவிட்டதை அவளே பார்த்துக்கொள்ளட்டும், பாதியில் நின்றதை அவளே முடிக்கட்டும் என்று நினைத்தேன். வந்து பார்த்தால் அவள் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. போனது போனதுதான் என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது. மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் ஒன்று புரிந்தது, எழுதிவிடுகிறேன். நான் மூன்று வருஷத்துக்கு முன்னால் சப்ளையை அணைத்துவிட்டு, என் வேலை முடிந்தது என்று வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டேன். கம்பத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இருந்திருக்கிறாள். கனி மூன்று வருஷமாகத் தனியாக மேலேயே இருந்திருக்கிறாள். போர்மேனாம் நான்.

ஆனாலும் சொல்லிய சொல் ஒன்று இருக்கிறதே. வா என்று இப்போது சொன்னால், அன்று சொன்னது என்ன ஆவது? தெரு சிரிக்காதா? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எந்தத் தாளிலும் குறிப்பு இல்லை.

நவம்பர் 13, வியாழன்

தண்ணீர் வருகிற நாள். கனி வாசலில் குடம் மாற்றிக்கொண்டிருந்தாள். அலமாரியில் அவள் போன் அடித்தது. "கேஸ்" என்று காட்டியது. எடுத்தேன். ஹலோ என்று சொல்வதற்குள் அந்தப் பக்கம் பேச ஆரம்பித்துவிட்டது.

"அம்மா, வைக்காத, ஒரு நிமிஷம் கேளு. அப்பா இன்னும் எழுதலையா? வர வேண்டாம்னா வேண்டாம்னே எழுதச் சொல்லு, நான் தாங்கிக்கிடுவேன். ஒண்ணுமே வராம இருக்கறதுதான் பயமா இருக்கு. அப்பாவுக்கு உடம்பு நல்லாருக்குல்ல?"

மூன்று வருஷம் மூன்று மாதம் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு. இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. அம்மா, அம்மா என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். போனை அணைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

கனி வந்து, போன் அடித்ததா என்று கேட்டாள். கேஸ் என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். தண்ணீர் வருகிற நாளாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

நவம்பர் 14, வெள்ளி

காலை டிபன் முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முப்பத்து நான்காவது ஃபைலைத் திறந்தேன். "அதற்கு" என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் கோடு மின்னிக்கொண்டிருந்தது.

பாமினியில் எந்த எழுத்து எந்தக் கட்டையில் என்று ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தேன். வ-வுக்கு டி, க-வுக்கு எஃப். கனி பத்து விரலாலும் அடிப்பாள். நான் ஆள்காட்டி விரல் ஒன்றால், ஒவ்வொரு கட்டையாகத் தேடித் தேடி அடித்தேன். முதலில் அன்று ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்கி நாலு வரி. படித்துப் பார்த்தால் மேலதிகாரிக்குக் கொடுக்கிற விளக்கம் மாதிரி இருந்தது. அழித்தேன். பொங்கலுக்கு என்று ஏன் காத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அதை மட்டும் வைத்துக்கொண்டேன். பதினோரு மணி வரைக்கும் அடித்தது மொத்தம் மூன்று வரி.

கனியைக் கூப்பிட்டேன். இதில் தப்பு இருக்கிறதா பார் என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். எழுத்தெல்லாம் தமிழாக இருப்பதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படித்தாள்.

"அதற்குப் பொங்கல்வரை காத்திருக்க வேண்டாம். லீவு கிடைத்ததும் வாருங்கள், இரண்டு பேரும். இதுவரை வந்த முப்பத்து மூன்று கடிதமும் நான் எழுதியது இல்லை, ஆனால் பொய்யும் இல்லை. இது நான் அடித்தது."

இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் கேட்டாள்.

"மாப்பிள்ளையையும் சேத்தா?"

"பின்ன, அவ்வளவு தூரம் தனியாவா பஸ்ஸுல வருவா" என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தேன், முட்டி வலித்தது. எல்லாம் தெரிந்துதான் எழுதினாயா என்று கேட்டேன். சைக்கிளைத் துடைத்த எண்ணெய்த் துணியை யார் துவைக்கிறார்கள் என்று நினைத்தீர்கள் என்று திருப்பிக் கேட்டாள். கோயில் விஷயம் எப்படித் தெரியும் என்றேன். அவளும் அன்று அர்ச்சனைக்குப் போயிருந்தாளாம், வெளியே நான் நிற்பதைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாளாம். தீபாவளி அதிரசத்தில் பாதி எங்கே போனது என்பதும் தெரிந்தது. அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அதிரசம் உடையாமல் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டேன்.

எழுந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். கடிதத்தின் அடியில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. கனி அடிக்க வந்தாள், விடு, இதை நானே அடிக்கிறேன் என்றேன். அட்டையைப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. முப்பத்து மூன்று தடவை பார்த்த வரிசை, மனப்பாடமே ஆகிவிட்டது. எம், ஜி, அரைப்புள்ளி, ஜி, எச். திரையில் "அப்பா" என்று வந்தது.

பிரிண்ட் எடுத்தோம். கனி கவரில் விலாசம் எழுதினாள், அவளுக்கு அது மனப்பாடம். தபால் பெட்டியில் நான்தான் போட்டேன்.

எல்.சி. திருப்பிக் கொடுக்கப்பட்டது. பெறுபவர்: ஜெயக்கனி. பகல் 11.50. ஆள் கம்பத்திலிருந்து இறங்கியாயிற்று, நேரில் பார்த்தேன். சப்ளை கொடுக்கலாம்.